கழிவு மை

காலையில் எழுந்ததும் வளவன் வாசலில் கிடக்கும் பால் பாக்கெட்டை எடுத்து வருவான். பாலை அடுப்பில் வைப்பான். அது பொங்குவதற்குள் பல் துலக்கிவிடுவான். டீயைப் போட்டு டம்ளரோடு முன்னறைக்கு வந்து, மேஜைமேல் இருக்கும் பிரிண்டரின் ஸ்விட்சைப் போடுவான். ஒரு பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் அது தன் தலையைத் தானே கழுவிக்கொள்ளும். உள்ளே கர்ர், டக், கர்ர் என்று ஏதோ நடக்கும். அதற்குள் டீ முடிந்துவிடும். பிறகு ஒரு சோதனைத் தாள் எடுப்பான். கறுப்பு, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று படிக்கட்டு மாதிரிக் கோடுகள் விழும். ஒரு கோடும் அறுபடவில்லை என்றால் ஸ்விட்சை அணைத்துவிட்டுக் குளிக்கப் போவான். தாளை நான்காக மடித்து டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்துக்கொள்வான். குழம்பு ஒழுகினால் பை நாறிவிடும்.

கவிநிலா போனதிலிருந்து இதுதான் நடைமுறை. இந்தக் கோடுகளைத் தவிர வேறு எதையும் அவன் அச்சிட்டதில்லை.

பிரிண்டர் அவளுடையது. கல்யாணத்துக்குச் சீர் வாங்கும்போது, பீரோவைச் சின்னதாக வாங்குங்கள், மிச்சப் பணத்தில் எனக்கு ஒரு கலர் பிரிண்டர் வாங்கிக் கொடுங்கள் என்று அம்மாவிடம் சண்டை போட்டு வாங்கினாள். மண்டபத்துக்குள் சீர்வரிசை வந்தபோது, பித்தளைக் குடத்துக்கும் வாழைப்பழத் தாம்பாளத்துக்கும் நடுவில், நெற்றியில் குங்குமத்தோடு ஒரு பிரிண்டரும் வந்தது. கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் மேளதாளத்தோடு ஊர்வலம் போன பிரிண்டர் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

அவள் அதை வைத்து நன்றாகவே சம்பாதித்தாள். ஆசிரமத்துப் பக்கம் இருக்கும் தங்கும் விடுதிகளுக்கும் காபிக் கடைகளுக்கும் என்னென்னவோ அச்சடித்துக் கொடுத்தாள். செருப்பை வெளியே விடவும். காலை ஒன்பது வரைதான் வெந்நீர். குரங்கு வரும், ஜன்னலைச் சாத்தவும். இதையெல்லாம் தமிழிலும் ஆங்கிலத்திலும் ரஷ்ய மொழியிலும் அடித்தாள். ரஷ்ய மொழி அவளுக்கும் தெரியாது, விடுதிக்காரர்களுக்கும் தெரியாது. இதுவரை எந்த ரஷ்யரும் புகார் சொன்னதில்லை.

போன வருஷம் மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அது வெறும் காய்ச்சல் இல்லை என்று தெரிந்தபோது நேரம் தாண்டிவிட்டது. பிள்ளை இல்லாமல் பெண் போய்விட்டால் சீர் பிறந்த வீட்டுக்கே திரும்பிப் போவது அவர்கள் பக்கத்து வழக்கம். யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. வளவன்தான் எடுத்துக்கொண்டு போங்கள் என்றான். கருமாதி முடிந்து பீரோவும் கட்டிலும் கிரைண்டரும் டிராக்டரில் போயின. பிரிண்டரை மட்டும் மாமியார் ஜோதியம்மாள் தொடவில்லை. "அது இருக்கட்டும், பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டாள்.

இப்போது அந்தப் பார்த்துக்கொள்ளும் நேரம் வந்துவிட்டது. கவிநிலாவின் தங்கை அபிநயா கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு சின்னக் கடை போடுகிறாள். பட்டா, சாதிச் சான்றிதழ், தேர்வு விண்ணப்பம் எல்லாம் எடுத்துக் கொடுக்கும் கடை. வருகிற புதன்கிழமை முகூர்த்தம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டெம்போவில் வந்து பிரிண்டரை எடுத்துக்கொள்வதாக ஜோதியம்மாள் போனில் சொன்னாள்.

"வேல செய்யுதுங்களா மாப்ள? இல்லன்னா புதுசே பாத்துக்கறோம். கூச்சப்படாம சொல்லுங்க."

"தினமும் ஓட்டிப் பாக்குறேன் அத்தை. புதுசு மாதிரி இருக்கு."

இப்படிச் சொன்ன வாய்க்கு அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பதில் கிடைத்தது. சோதனைத் தாள் வெளியே வந்தது. முன்பக்கம் கோடுகள் ஒழுங்காக இருந்தன. பின்பக்கம் ஒரு முழு எருமை படுத்து எழுந்த மாதிரி கறுநீலத்தில் அப்பியிருந்தது. இன்னொரு தாளை விட்டான். அதிலும் எருமை படுத்திருந்தது. டம்ளரை வைக்கக் குனிந்தபோது மேஜை விளிம்பிலிருந்து ஒரு சொட்டு அவன் கால் பெருவிரலில் விழுந்தது.

வளவன் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவன். வேங்கிக்கால் பக்கம் ஒரு ஆபீஸில், விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, சேதம் எதனால் வந்தது என்று இன்சூரன்ஸுக்கு அறிக்கை எழுதுவது அவன் வேலை. 'உரிமையாளரின் பராமரிப்புக் குறைபாடு, இழப்பீடு பொருந்தாது' என்ற வரியைத் தூக்கத்தில்கூடப் பிழையில்லாமல் எழுதுவான். அந்த வரியால் அழுதவர்கள் மாவட்டம் முழுக்க இருக்கிறார்கள். எனவே ஒரு பிரிண்டரைச் சரிபார்ப்பது அவனுக்குப் பெரிய விஷயம் இல்லை என்றுதான் அவன் நினைத்தான்.

முதலில் குங்குமத்தின்மேல் சந்தேகம் வந்தது. போன ஆயுத பூஜைக்கு அவன்தான் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தான். அவள் இருந்தபோது மோதிர விரலால் தொட்டு, கடுகு அளவுக்கு வைப்பாள். அவன் கட்டை விரலால் வைத்தான். லாரிக்கு வைக்கிற அளவு. அது காய்ந்து உதிர்ந்து தாள் போகும் வாய்க்குள் விழுந்திருந்தது. டார்ச் அடித்து, காது குடையும் பஞ்சால் ஒவ்வொரு துணுக்காக எடுத்தான். சிவப்பாக எது வந்தாலும் குங்குமமா மையா என்று தெரியவில்லை. முகர்ந்து பார்த்தான். மூக்கு நுனியில் சிவப்பு ஏறியது. அது மைதான்.

அடுத்து உருளைகளைத் துடைத்தான். தாளின் தடிமன் அமைப்பை மாற்றினான். போனில் ஒருவர் இந்தியில் விளக்கும் வீடியோவைப் பார்த்தான். இந்தி தெரியாது. ஆனால் அவர் கை சுத்தமாக இருந்தது. அந்தச் சுத்தத்தைப் பார்த்து நம்பிக்கை வந்தது. அவர் செய்தபடியே தலையை நகர்த்தி அடியில் ஈரத் துணியை விட்டான். வீடியோவில் துணி வெள்ளையாக வந்தது. இவனுக்கு முழங்கை வரைக்கும் நீலம் ஏறியது. கடைசியில், எல்லா வைத்தியமும் தோற்றவர்கள் செய்கிற காரியத்தைச் செய்தான். பொத்தானை அழுத்தி இன்னொருமுறை தலையைக் கழுவவிட்டான். அடியில் ஒழுகுவது ஜாஸ்தியானது.

ஆபீஸ் நண்பன் பிரசாத்துக்குப் போன் போட்டான். பிரசாத்துக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. பின்னால் அது கத்திக்கொண்டிருந்தது.

"டேய், பிரிண்டர் மை அப்புதுடா."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணியா?"

"பண்ணேன்."

"திரும்பப் பண்ணு."

"பிரசாத், இது அடியிலயே ஒழுகுது. மேஜையெல்லாம் நாசம்."

"அடியில ஒழுகுதா? அதுக்கு டயாபர் கட்டி விடுடா. எங்க ஊட்லயும் அதான் நடக்குது." அவனே சிரித்துக்கொண்டான். பிறகு சட்டென்று குரலைத் தாழ்த்தினான். "சாப்டியா?"

கவிநிலா போனதிலிருந்து எல்லாப் பேச்சும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கும். சாப்பிட்டேன் என்று சொல்லி வைத்தான்.

போனை வைத்த பிறகுதான் அந்த டயாபர் உறைத்தது. தினமும் தலையைக் கழுவுகிறதே, கழுவிய மை எங்கே போகிறது? ஊரில் பாதிப் பேர் கோயிலுக்குப் போய்வந்த கையோடு சொல்லிவிடுவார்கள். அபிஷேகம் என்று ஒன்று நடந்தால் அந்தத் தண்ணீர் வெளியேறக் கருவறைச் சுவரில் கோமுகி என்று ஒன்று இருக்கும். இந்தப் பிரிண்டருக்குக் கோமுகி கிடையாது. அதற்குப் பதில் வயிற்றுக்குள் ஒரு பஞ்சு வைத்திருக்கிறார்கள். கழிவு மை முழுக்க அந்தப் பஞ்சுக்குள்தான் போகிறது.

கடையில் மை வாங்கும்போது ஒருதரம் கடைக்காரர் சொன்னார்: "சும்மா போட்டு வைக்காதீங்க சார், மை காஞ்சிடும். அப்பப்ப ஓட்டுங்க." அப்பப்ப என்றால் வாரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம் அடித்தால் போதும் என்று அர்த்தம். வளவன் அதைத் தினசரிக் கைங்கரியமாக எடுத்துக்கொண்டான். இந்த ஊரில் எதைச் சொன்னாலும் அப்படித்தான் போய் முடியும். மை தீரத் தீரப் புட்டி வாங்கிக்கொண்டே இருந்தான். "பிசினஸ் நல்லா போகுது போல" என்றார் கடைக்காரர். நல்லா போகுதுங்க என்று சொன்னான்.

அதையாவது விடலாம். இரண்டு மாதம் முன்பு பிரிண்டரில் இரண்டு விளக்கும் மாறி மாறி மின்னி, வேலையை நிறுத்திவிட்டது. பஞ்சு நிறைந்துவிட்டது, மாற்று என்று அதற்கு அர்த்தம். வளவன் என்ன செய்தான்? இணையத்தில் ஒரு இலவச மென்பொருளைப் பிடித்து உள்ளே இருக்கும் கணக்கைப் பூஜ்யமாக்கினான். விளக்கு அணைந்தது. ஆஹா, சரியாகிவிட்டது என்று டீ குடித்தான். உள்ளே பஞ்சு அதுபாட்டுக்கு ஊறிக்கொண்டிருந்தது. ஒரு டாக்ஸிக்காரர் கிலோமீட்டரைத் திருப்பி வைத்துவிட்டு இழப்பீடு கேட்டு வந்தால் அவரை எப்படிப் பார்ப்பானோ, அப்படித் தன்னை ஒருமுறை பார்த்துக்கொண்டான். உரிமையாளரின் பராமரிப்புக் குறைபாடு என்றுகூட எழுத முடியாது. அதிகப் பராமரிப்பு. அதற்கு அவர்கள் படிவத்தில் இடமே இல்லை.

பின்பக்கம் ஒரு திருகைக் கழற்றினால் சின்னத் தட்டோடு பஞ்சு வெளியே வந்தது. கறுப்பாக, பளபளப்பாக, ஈரல் மாதிரி இருந்தது. எல்லா நிறமும் சேர்ந்தால் இந்தக் கறுப்புதான் வருகிறது. பாத்ரூமுக்கு எடுத்துப் போய்க் குழாயடியில் பிழிந்தான். நீலம் போனது. பிறகு சிவப்பு, பிறகு ஊதா, மறுபடி நீலம். பிழியப் பிழிய வந்துகொண்டே இருந்தது. அத்தனை காலைகளும் சாக்கடைக்குள் வரிசையாகப் போயின. அவன் அதைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தான். ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்தான். தரையை எப்படிக் கழுவுவது என்பதுதான் தோன்றியது.

மாடிக்குப் போய், மலையைப் பார்த்தபடி கட்டியிருக்கும் கொடியில், தன் பனியன் பக்கத்தில் பஞ்சைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டான். வெயில் நன்றாக இருந்தது. மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும் என்று கணக்குப் போட்டான்.

கணக்கில் பௌர்ணமியை விட்டுவிட்டான். சாயங்காலம் கிரிவலக் கூட்டம் சேரும் என்று மத்தியானமே ரோட்டை அடைத்துவிடுவார்கள். அதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று டெம்போ காலையிலேயே வந்துவிட்டது. கீழே ஹாரன் சத்தம் கேட்டு அவன் படியில் இறங்குவதற்குள் ஜோதியம்மாள் பாதிப் படி ஏறிவிட்டாள். பின்னால் அபிநயா வந்தாள்.

ஜோதியம்மாள் அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"இன்னாங்க மாப்ள இது? கோலப்பொடிக் கடையில விழுந்து எழுந்து வந்தீங்களா?"

"இல்ல அத்தை. பிரிண்டர்."

"மூக்குல சிகப்பு, கன்னத்துல நீலம்" என்றாள் அபிநயா. "அக்கா பாத்திருந்தா போட்டோ புடிச்சி ஸ்டேட்டஸ் வச்சிருப்பா மாமா."

சொன்ன பிறகு அவளே வாயை மூடிக்கொண்டாள். டெம்போக்காரர் கீழே இன்னொரு ஹாரன் அடித்தார்.

உள்ளே வந்தார்கள். மேஜைமேல் பிரிண்டர் வயிறு திறந்து கிடந்தது. சுற்றிலும் பழைய செய்தித்தாள், நீலத் துணிகள், காது குடையும் பஞ்சுகள். வளவன் நாற்காலியை இழுத்துப் போட்டான். ஜோதியம்மாள் உட்காரவில்லை.

"புதுசு மாதிரி இருக்குன்னு சொன்னேன் இல்ல அத்தை. இல்ல. நான்தான் கெடுத்துட்டேன்."

"கீழ கீழ போட்டீங்களா?"

"இல்ல. தினமும் கழுவுனேன்."

"எதுக்கு?"

"மை காஞ்சிடக் கூடாதுனு."

"எம்மாம் நாளா?"

"அப்போலேருந்து."

ஜோதியம்மாள் பிரிண்டரைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"அப்போ நெறைய அச்சடிச்சீங்களா?"

"இல்ல. ஒண்ணும் அடிக்கல."

"ஒண்ணுமேவா?"

"கோடு மட்டும்."

"நல்ல கதையா இருக்கே" என்றாள். உதடு ஒரு பக்கம் இழுத்தது. "மாட்டைக் கறக்காம தினம் குளிப்பாட்டிக்கினே இருந்தா மாடு இன்னா ஆவும்? சளி புடிச்சித்தான் சா..." என்று ஆரம்பித்து அந்தச் சொல்லை விழுங்கினாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சரி. இப்ப இன்னா ஆவணும்?"

அவன் சொன்னான். பஞ்சு காய வேண்டும். மேலே கொடியில் தொங்குகிறது. சாயங்காலம் ஆகிவிடும். வேறு எதையாவது வைக்கலாம், ஆனால் நன்றாக உறிஞ்சுவதாக இருக்க வேண்டும், சாதாரணப் பஞ்சு நிற்காது. இவ்வளவு விவரமாக அவன் யாரோடும் பேசி ரொம்ப நாளாயிற்று. பேசுகிற விஷயம் கழிவு மை என்பதுதான் குறை.

"உறிஞ்சணும், ஒழுகக் கூடாது. அவ்ளோதானே?" என்றாள் அபிநயா.

"அவ்ளோதான்."

அவள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். பிறகு பாத்ரூமுக்குள் போனாள். "ஐயோ, இங்க இன்னா கொலை நடந்துச்சா?" என்று அவள் குரல் கேட்டது. திரும்பி வரும்போது கையில் பாதி காலியான ஒரு நாப்கின் பாக்கெட் இருந்தது. கவிநிலாவுடையது. மேல்தட்டில் அது அப்படியே இருந்ததை வளவன் தினமும் பார்ப்பான். பீரோவைக் கொடுத்தான், புடவைகளைக் கொடுத்தான், கிரைண்டரின் உடைந்த மூடியைக்கூடத் தேடிக் கொடுத்தான். இதை எந்தச் சீரில் சேர்ப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. குப்பையில் போடவும் கை வரவில்லை. எனவே விட்டு வைத்திருந்தான்.

"வெக்கப்படாதீங்க மாமா. கத்திரிக்கோல் எடுங்க."

அவன் கத்திரிக்கோலைக் கொடுத்துவிட்டு, ஜன்னல் வழியாக மலையை மிகுந்த அக்கறையோடு பார்த்தான். ஜோதியம்மாள் சுவரில் இருந்த காலண்டரைப் படித்தாள். அபிநயா தட்டின் அளவுக்கு வெட்டி, இரண்டு அடுக்காக மடித்து உள்ளே திணித்தாள். திருகை மட்டும் வளவன் போட்டான். இன்ஜினியரிங் படித்ததற்கு அது ஒன்றாவது மிச்சம்.

உருளைகளை இன்னொருமுறை துடைத்து, ஸ்விட்சைப் போட்டார்கள். கர்ர், டக், கர்ர்.

"கோடு வேணாம்" என்றாள் அபிநயா. "எழுத்து இருக்கற மாதிரி எதாச்சும் அடிங்க."

கவிநிலாவின் லேப்டாப்பில் கடைசியாகத் திறந்த கோப்பு ஒன்று இருந்தது. என்ன என்று பார்க்காமலே அழுத்தினான். தாள் உள்ளே போனது. மூன்று பேரும் பிரிண்டரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். குரங்கு வரும், ஜன்னலைச் சாத்தவும். மூன்று மொழியிலும் பளிச்சென்று வந்தது. மேல் மூலையில் ஒரு குரங்குப் படம். அபிநயா தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை.

வளவனுக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. சரியாகிவிட்டது. சரியானதால் போகப்போகிறது. காலையிலிருந்து அவன் உயிரைக் கொடுத்துச் செய்த வேலை என்ன என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. நாளைக் காலையில் டீயை எங்கே வைத்துக் குடிப்பது என்று ஒரு எண்ணம் வந்தது. மேஜைமேல் நிறைய இடம் இருக்கும்.

அவன் முகத்தில் என்ன தெரிந்ததோ, அபிநயா மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, மாமா வேணும்னா வச்சிக்கட்டும். நான் தவணையில வேற வாங்கிக்கறேன்."

"வச்சிக்கினு?" என்றாள் ஜோதியம்மாள். "இன்னும் ஒரு வருஷம் போனா மாப்ள இதுக்குப் பூசாரியாயிடுவாரு. தினம் ஆறு கால பூஜை நடக்கும். அதுவாச்சும் போய் நாலு பேருக்குச் சான்றிதழ் அடிக்கட்டும். தூக்கு."

"நான் தூக்குறேன்" என்றான் வளவன். "சாய்க்கக் கூடாது. மட்டமா புடிக்கணும். சாய்ச்சா டேங்க்ல இருந்து ஒழுகும்."

ஒவ்வொரு படியாக, பால்குடம் எடுப்பவன் மாதிரி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினான். அபிநயா முன்சீட்டில் உட்கார்ந்து, மடியில் துண்டை விரித்து வாங்கிக்கொண்டாள். மை பாட்டில்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தான். வாரம் ஒருதரம் ஓட்டினால் போதும் என்றான். தலையைக் கழுவவே வேண்டாம் என்றான். வெயில் படக் கூடாது என்றான். விளக்கு மின்னினால் கணக்கை மட்டும் அழிக்காதே என்றான். பேப்பரை உதறிப் போடு என்றான்.

"மாமா, போதும்" என்றாள் அபிநயா. "இது பிரிண்டர்தான். கைக்குழந்தை இல்ல."

ஜோதியம்மாள் ஏறவில்லை. டெம்போ கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாப்ள, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க அத்தை."

"ஆஸ்பத்திரியில உள்ள நீங்க மட்டும்தான் இருந்தீங்க. நான் வந்து சேரல. கடைசியா எதாச்சும் சொன்னாளா?"

துக்கத்துக்கு வந்த எல்லாரும் இதைக் கேட்டிருக்கிறார்கள். ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் அவன் சொல்லி வந்தான். அவர்கள் எதிர்பார்த்த அளவுக்கு கவிநிலா சொன்னது பெரிய வாக்கியம் இல்லை. ஊருக்கு எடுத்துப் போய் நாலு பேரிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்படியும் இல்லை. ஆனால் ஜோதியம்மாள் கேட்டதில்லை. இத்தனை மாதத்தில் இன்றைக்குத்தான் கேட்கிறாள்.

"சொன்னா அத்தை. பெருசா ஒண்ணும் இல்ல."

"பரவால்ல. அப்படியே சொல்லுங்க."

அன்றைக்கு அவன் சலைன் குழாயை நேராக்கினான். தலையணையை ஏற்றினான், இறக்கினான். கட்டிலின் கால்பக்கம் இருந்த திருகைச் சுற்றி, அது தப்பான பக்கம் என்று மறுபடி சுற்றினான். போர்வையைப் பாதம்வரை இழுத்துவிட்டான், பிறகு வேர்க்குமோ என்று விலக்கினான். கவிநிலா கண்ணைத் திறந்து அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் சொன்னதை, ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல், அவன் அவள் அம்மாவிடம் சொன்னான்.

"எதையாச்சும் நோண்டிக்கினே இருக்காத வளவா. வெளிய போய் ஒரு டீ குடிச்சிட்டு வா. சக்கரை கம்மியா போடச் சொல்லு."